வாடகைக்கு விட வீடு வாங்குவது: விலை பேசும் முன்பும் சாவி கைமாறிய பின்பும்

"மாதாமாதம் வாடகை வரும், வீடும் நம்முடையதாகவே இருக்கும்." வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடச் சொல்லும் எல்லோரும் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் மாதத்தைப் பற்றியோ, மேல்தளத்தில் ஊறும் ஈரத்தைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. நான் முதல் வீட்டை வாங்கியபோது போட்ட கணக்கு ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது. மாத வாடகையைப் 12 ஆல் பெருக்கி, விலையால் வகுத்தேன். அவ்வளவுதான். அந்தக் கணக்கு தவறில்லை, அரைக்கணக்கு. மீதி அரைக்கணக்கை அடுத்த நான்கு ஆண்டுகளில் கைப்பணத்தைச் செலவழித்துக் கற்றேன்.

ஓரிரு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் சிறு முதலீட்டாளருக்காக இதை எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு பணமும் விலையும் வேறு என்பதால் வீட்டின் விலை 1000 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகைகளும் அதே பங்கில்தான். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

படி 1: உண்மையான வாடகை எவ்வளவு?

விற்பவர் சொல்லும் வாடகையை நம்பாதீர்கள். விளம்பரத்தில் இருக்கும் வாடகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வீட்டுக்காரர் கேட்கும் தொகை, யாரோ கொடுக்கும் தொகை அல்ல. அந்தப் பகுதியில் அதே அளவுள்ள பத்து வீடுகளின் விளம்பரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். காணாமல் போனவை சரியான வாடகைக்கு விடப்பட்டவை. இன்னும் நிற்பவை அதிகம் கேட்கின்றன. காணாமல் போனவற்றின் நடுத்தர எண்தான் உங்கள் வாடகை.

என் இரண்டாவது வீடு ஆள் குடியிருக்கும்போதே விலைக்கு வந்தது. வாடகை அந்தத் தெருவின் நடப்பைவிடக் கால்பங்கு அதிகம். ஒப்பந்தப் பத்திரம்கூடக் கையில் கொடுத்தார்கள். பதிவு முடிந்த இரண்டாம் மாதமே குடியிருந்தவர் காலி செய்தார். விற்றவரின் உறவினர் அவர் என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு, குடியிருப்பவரோடு வரும் வீடு என்றால் கடந்த 12 மாத வாடகை வங்கிக் கணக்கில் வந்ததற்கான சான்றைக் கேட்காமல் நான் முன்பணம் தருவதில்லை.

படி 2: வாடகையிலிருந்து கழிக்க வேண்டியவை

நம் 1000 பங்கு வீட்டுக்கு மாத வாடகை 6 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 72. பஸ் டிக்கெட் கணக்குப்படி வருமானம் 7.2 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது கழிப்போம். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் வீடு காலியாக இருக்கும் என்று 4 பங்கு. ஒருவரே ஐந்து ஆண்டு குடியிருந்தாலும் இதைக் கழித்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஆறாம் ஆண்டு மொத்தமாக வரும். சொத்து வரி 4, காப்பீடு 2, குடியிருப்போர் சங்கக் கட்டணம் 5, குழாய், விளக்கு, பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் 5, நிர்வாகக் கட்டணம் 5. "நானே பார்த்துக்கொள்வேன், அந்த 5 எதற்கு?" என்று கேட்பீர்கள். அது உங்கள் கூலி. அதைக் கழிக்காமல் விட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதை முதலீட்டின் லாபம் என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

எல்லோரும் விட்டுவிடுவது இன்னொரு செலவை: பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு. இதை ஊகமாக எழுதாமல் பொருள் பொருளாகக் கணக்கிடலாம். மொட்டை மாடியில் நீர் கசியாமல் பூச 12 பங்கு ஆகும், 8 ஆண்டு தாங்கும் என்றால் ஆண்டுக்கு 1.5. வெளிச்சுவர் வண்ணம் 9 பங்கு, 6 ஆண்டு: 1.5. நீர் சூடேற்றியும் மோட்டாரும் சேர்த்து 8 பங்கு, 10 ஆண்டு: 0.8. குளியலறைக் குழாய்களும் தரையும் 18 பங்கு, 15 ஆண்டு: 1.2. மொத்தம் 5. பழைய வீடு என்றால் இந்தப் பொருட்கள் ஏற்கெனவே பாதி ஆயுளைக் கழித்திருக்கும். அந்தப் பாதியை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும்.

72இல் 4 போனால் 68. செலவுகள் மொத்தம் 26. மிஞ்சுவது 42. கடன் தவணைக்கு முன்பான நிகர வருமானம் என்பது இதுதான்.

அடுத்து, நீங்கள் போட்ட பணம் 1000 மட்டும் அல்ல. பதிவுச் செலவு, வழக்கறிஞர், தரகர், குடிவைக்கும் முன்பான சீரமைப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 80 என்று கொள்ளுங்கள். 42ஐ 1080 ஆல் வகுத்தால் 3.9 சதவீதம். 7.2 என்று தொடங்கிய எண் இங்கே வந்து நிற்கிறது. வீட்டில் எந்தக் குறையும் இல்லாதபோதே இந்த நிலை.

அமெரிக்க முதலீட்டாளர்களிடம் இரண்டு குறுக்கு விதிகள் உண்டு. மாத வாடகை விலையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. கடன் தவணையைச் சேர்க்காமலே வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும் என்பது மற்றொன்று. முதல் விதி பல நாடுகளில் செல்லாது. நம் வீடு 0.6 சதவீதத்தில்தான் நிற்கிறது. இரண்டாவது விதி எங்கும் ஓரளவு பொருந்தும். நம் கணக்கில் 72இல் 30 போனது, அதாவது 42 சதவீதம். யாராவது செலவு 15 சதவீதம்தான் ஆகும் என்று காட்டினால், எந்த வரியை விட்டுவிட்டார் என்று தேடுங்கள்.

படி 3: கடன் எவ்வளவு தாங்கும்?

பலரும் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விலையில் 600 பங்கைக் கடனாக வாங்குகிறீர்கள். வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை. ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 60.2. வீடு தருவது 42. அதாவது ஆண்டுதோறும் 18 பங்கு உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் அவர் முன் வையுங்கள்.

"தவணையில் அசலும் குறைகிறதே" என்பது நியாயமான கேள்விதான். முதல் ஆண்டில் கட்டும் தவணையில் ஏறக்குறைய 79 சதவீதம் வட்டிக்கே போகிறது. இன்னும் வியப்பான கணக்கு ஒன்று உண்டு: 20 ஆண்டுக் கடனில் சரியாக 10 ஆண்டு கட்டி முடித்த நாளில், வாங்கிய கடனில் 69 சதவீதம் அப்படியே நிற்கும். பாதிக் காலம் போனால் பாதிக் கடன் தீரும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். வங்கி தரும் தவணை அட்டவணையைக் கையெழுத்துப் போடும் முன்பே வாங்கி, வரி வரியாகப் பாருங்கள்.

ஒரு வழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிகர வருமானம் ஆண்டுத் தவணையைப்போல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும். வங்கிகளும் வணிகக் கட்டடங்களுக்குக் கடன் தரும்போது இதே போன்ற அளவைத்தான் பார்க்கின்றன. நம் வீட்டில் 42ஐ 1.25 ஆல் வகுத்தால் 33.6. அந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் சுமார் 335 பங்கு. 600 அல்ல. வங்கி 600 தரத் தயாராக இருக்கலாம். அது உங்கள் சம்பளத்தைப் பார்த்துத் தருகிறது, வீட்டின் வருமானத்தைப் பார்த்து அல்ல.

335 கடனோடு இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். வீடு ஆண்டில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் நிகர வருமானம் 34க்கு இறங்கும், தவணை 33.6. மூச்சு விட இடமில்லை, ஆனால் தவணை கட்டிவிடலாம். வட்டி 8இலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தால் தவணை 38.8 ஆகும்; வருமானம் 42, சமாளிக்கலாம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் 5 பங்கு குறையும். அதற்காகத்தான் ஆறு மாதத் தவணையைத் தனியாக, தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

விலை உயர்வைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். விலை உயரலாம், உயர்ந்தால் மகிழ்ச்சி. ஆனால் அதைக் கணக்கில் ஒரு வரியாக எழுதத் தொடங்கினால் எந்த வீட்டையும் நல்ல வீடாகக் காட்டிவிடலாம். ஜப்பானில் 1991இல் உச்சம் தொட்ட நகர நிலவிலை அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போனது. அதற்கு முந்தைய ஆண்டு வாங்கியவர்களும் உயரும் என்றுதான் வாங்கியிருப்பார்கள்.

படி 4: விலையை வீடு சொல்லட்டும்

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். என் பணத்துக்கு 6 சதவீதமாவது வேண்டும் என்றால், 42ஐ 0.06 ஆல் வகுக்கிறேன்: 700. செலவுகள் உட்பட நான் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். விற்பவர் 1000 கேட்கிறார். இடைவெளி பெரியது, பேரம் பேசி நிரப்ப முடியாது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போகிறேன். முப்பது வீடுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, இரண்டைத்தான் நேரில் பார்த்து, ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறேன். முதல் ஐந்து வீடுகளுக்குள் மனம் போய்விட்டால் கணக்கு மனத்தின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும்.

படி 5: நேரில் பார்ப்பது

மழை பெய்து முடிந்த மறுநாள் போங்கள். மேல்தளக் கூரையின் மூலைகளையும் சன்னலுக்குக் கீழேயுள்ள சுவரையும் கையால் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் புது வண்ணம் இருந்தால் அதன் பின்னால் ஒரு கதை இருக்கும்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, தரையில் நீர் வடியும் வேகத்தைப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு நீர்மானி இருந்தால் அதன் முன் நில்லுங்கள். யாரும் நீர் பயன்படுத்தாதபோதும் முள் நகர்ந்தால் எங்கோ சுவருக்குள் கசிகிறது. குளியலறை ஓடுகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். வெற்றுப் பாத்திரம்போல் ஒலிக்கும் ஓடு அடியில் பிடிப்பு விட்ட ஓடு. இதையெல்லாம் செய்யும்போது தரகர் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மின்பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கும் கட்டட உறுதியைச் சொல்வதற்கும் தகுதியானவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் பேரம் பேசும்போதே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். உரிமைப் பத்திரம், வில்லங்கம், கட்டட அனுமதி, வரிப் பாக்கி, சங்கத்தின் கணக்கு ஆகியவற்றை விற்பவரோடு தொடர்பில்லாத வழக்கறிஞர் பார்க்க வேண்டும். சங்கத்தில் சேமிப்பு இல்லை, லிஃப்டோ பழையது என்றால், அடுத்து மாற்றும் லிஃப்டில் உங்கள் பங்கும் உண்டு.

படி 6: யாரைக் குடிவைப்பது?

காலி வீட்டைவிட மோசமான ஒன்று உண்டு என்றால், வாடகை தராமலும் காலி செய்யாமலும் இருப்பவர் குடியிருக்கும் வீடு. ஆகவே அவசரம் வேண்டாம். என்ன பார்ப்பீர்கள் என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வரும் எல்லோருக்கும் அதே அளவுகோலை வையுங்கள். வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்கு, வேலை அல்லது தொழிலுக்கான சான்று, முன்பு குடியிருந்த வீட்டில் நடந்துகொண்ட விதம். சாதி, மதம், ஊர், மொழி, மணமானவரா என்பதெல்லாம் வாடகை ஒழுங்காக வருமா என்பதைச் சொல்லாது. பல நாடுகளில் அவற்றில் பலவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதமும்கூட.

விசாரிக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். தொல்லை தரும் குடித்தனக்காரரை அனுப்பிவிட விரும்பும் வீட்டுக்காரர் அவரை வானளாவப் புகழ்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்குப் பொய் சொல்லத் தேவை இருக்காது. "மறுபடி வந்தால் அவருக்கு வீடு கொடுப்பீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் வரும் முன் எத்தனை நொடி அமைதி என்பதைக் கவனியுங்கள்.

படி 7: ஒப்பந்தமும் ஒப்படைப்பும்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன, எந்தப் பழுது யாருடைய பொறுப்பு, ஆண்டு உயர்வு எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வீட்டுக்குள் வர நீங்கள் எப்படி முன்கூட்டிச் சொல்வீர்கள். இத்தனையும் அதில் இருக்கட்டும். உங்கள் நாட்டு வாடகைச் சட்டத்துக்கு முரணான விதி, இருவரும் கையெழுத்திட்டாலும் நிற்காமல் போகலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவரோடு சேர்ந்து அறை அறையாக நடந்து வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், கதவுத் தாழ், மானிகளின் எண் எல்லாம் வர வேண்டும். ஒரு பிரதி அவருக்கும் உடனே போக வேண்டும். காலி செய்யும் நாளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை "இது முன்பே இருந்தது" என்ற ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. குடியிருந்ததால் இயல்பாக மங்கிய வண்ணத்துக்கு முன்பணத்தில் கைவைக்கக் கூடாது. உடைத்த கண்ணாடிக்குப் பிடித்துக்கொள்ளலாம். அந்த முன்பணம் அவருடைய பணம். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அதை எடுத்து அடுத்த வீட்டுக்கு முன்தொகை கட்டிய ஒருவர், குடியிருந்தவர் திடீரெனக் காலி செய்தபோது திருப்பித் தரக் கடன் வாங்கி அலைந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

படி 8: நடத்துவது

நீர், மின்சாரம், கழிவுநீர், வெளிக்கதவுப் பூட்டு ஆகிய நான்கில் எது பழுதானாலும் அன்றே ஆள் போக வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் "வெள்ளிக்கிழமை ஆள் வருவார்" என்று அன்றே பதில் சொல்லிவிட வேண்டும். பழுது தாமதமாவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், பதிலே இல்லாததைப் பொறுப்பதில்லை. நல்ல குழாய்க்காரர், மின்பணியாளர் இருவரின் எண்ணும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது என்றால் நிர்வாகத்தில் பாதி முடிந்தது. அவர்களுக்குப் பேரம் பேசாமல் அன்றே பணம் கொடுங்கள்.

வாடகையை உயர்த்துவதிலும் கணக்கு இருக்கிறது. வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போயிற்று. நீங்கள் கேட்கும் 5 சதவீத உயர்வைத் தர முடியாமல் நல்ல குடித்தனக்காரர் காலி செய்து, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால், அந்த ஒரு மாத இழப்பை 5 சதவீத உயர்விலிருந்து மீட்க 20 மாதம் ஆகும். வண்ணமும் தரகும் இதில் சேரவில்லை. ஒழுங்காக வாடகை தருபவரிடம் 2 அல்லது 3 சதவீதம் கேட்டு நிறுத்திக்கொள்வது தாராள மனத்தால் அல்ல, எனக்கு லாபம் என்பதால்.

வீட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வாடகை அதில் வரட்டும், எல்லாச் செலவும் அதிலிருந்தே போகட்டும். ரசீதுகளை அந்தந்த மாதமே படமெடுத்து வையுங்கள். வரிக் கணக்கில் பழுது பார்த்தது வேறு, வீட்டை மேம்படுத்தியது வேறு. வட்டி வேறு, அசல் வேறு. பல நாடுகளில் இவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. ஆண்டு இறுதியில் பையிலிருந்து தாள்களைக் கொட்டினால் கணக்காளர் நேரத்துக்குக் கட்டணம் கேட்பார், அதுவும் நியாயமே. காப்பீட்டு நிறுவனத்திடம் வீடு வாடகைக்கு விடப்பட்டிருப்பதைச் சொல்லி, அதற்குரிய காப்பீட்டை எடுங்கள். சொந்தக் குடியிருப்புக்கான காப்பீட்டை வைத்துக்கொண்டிருந்தால், தீ பிடித்த அன்று கோரிக்கை மறுக்கப்படலாம்.

படி 9: ஆண்டுக்கு ஒரு நாள்

ஆண்டுக்கு ஒருமுறை, அதே தேதியில், அந்த ஆண்டின் உண்மையான எண்களைக் கொண்டு படி 2 கணக்கை மறுபடி போடுங்கள். ஆனால் இம்முறை வாங்கிய விலையால் வகுக்காமல், இன்று விற்றால் வரி, தரகு, மீதிக் கடன் எல்லாம் போகக் கையில் நிற்கும் தொகையால் வகுங்கள். வகுக்க வேண்டிய எண், தவணை கட்டிய பின் மிஞ்சும் பணம்; அதோடு அந்த ஆண்டு குறைந்த அசலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய வீடு, "போட்ட பணத்துக்கு 9 சதவீதம் தருகிறது" என்று பெருமையாகச் சொல்ல வைக்கும். விலை இரு மடங்காகியிருந்தால், இன்று அதில் அடைபட்டிருக்கும் பணத்துக்கு அது 4 சதவீதம்கூடத் தராமல் இருக்கலாம். அந்தப் பணம் வேறெங்கே இருந்தால் இதைவிடக் குறைந்த தொல்லையில் அதே 4 வரும் என்று கேட்டுப் பாருங்கள். என் முதல் வீட்டுக்கு இந்தக் கேள்வியை மூன்று ஆண்டு தொடர்ந்து கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. நான்காம் ஆண்டு விற்றுவிட்டேன், குடியிருந்தவருக்கே.